வீடு கட்டும் ஒப்பந்தத் தொழிலில் நேர்மையாக நடப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவில் இன்ஜினியரிங் படித்து, யாரிடமாவது சில ஆண்டுகள் சைட் இன்ஜினியராக வேலை பார்த்துவிட்டு, தனியாக வீடு கட்டும் ஒப்பந்தங்களை எடுக்கத் தொடங்கும் இளைஞர்களுக்காகவும், கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்து கான்ட்ராக்டராக உயர்பவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் தனி வீடு, சிறு அடுக்குமாடி வேலைகளையே மனத்தில் வைத்திருக்கிறேன். தொழில் நேர்மையை ஒருவரது குணத்தைப் பொறுத்த விஷயமாகவே பலரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது பெரும்பாலும் விலை எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கட்டுப்படியாகாத விலைக்கு ஒப்புக்கொண்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ரூஃப் கட்டத்துக்கு வரும்போது கம்பியிலோ சிமெண்டிலோ ஆள் கூலியிலோ கை வைக்காமல் தப்ப முடியாது. ஆகவே விலையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

விலை சொல்வதற்கு முன்

நம் ஊரில் வீட்டு வேலை சதுர அடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. வீட்டுக்காரருக்கு அது எளிதாகப் புரிவதால் அதை ஒழிக்க முடியாது; ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் எதுவெல்லாம் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் இத்தொழிலின் முதல் பொய். ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, போர்டிகோ தனி, ஹெட்ரூம் (மாடிப்படியின் மேற்கூரை அறை) தனி, சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) லிட்டர் கணக்கில் தனி, செப்டிக் டேங்க் தனி, காம்பவுண்டு சுவர் ஓட்ட அடிக் கணக்கில் தனி என்று பேஸ்மென்ட் (தரைமட்ட அடித்தளம்) எழுந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வரைபடம் கைக்கு வந்ததும் சதுர அடி விலையை யோசிக்காமல் முதலில் அளவுகளைக் கணக்கிடுங்கள்: மண் வேலை எத்தனை கன அடி, காங்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை கிலோ, செங்கல் வேலை, பூச்சு, டைல்ஸ், மின்சாரம், குழாய் எனத் தனித்தனியாக. அதன்மேல் உங்கள் மேற்பார்வைச் செலவையும் நியாயமான லாபத்தையும் சேர்த்து, கடைசியாகச் சதுர அடியால் வகுத்துச் சொல்லுங்கள். சுவர்த் தடிமனையும் சேர்த்த அளவா, பால்கனிக்கு முழு விலையா பாதி விலையா என்பதையும், சேராத வேலைகளுக்கு என்ன விலை என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

உடனே ஒரு பேச்சு வரும். “தம்பி, பக்கத்துத் தெரு கான்ட்ராக்டர் எரநூறு ரூபா கொறச்சுல்ல சொல்றாரு?” என்று வீட்டுக்காரர் கேட்பார். இங்கே வேலை கை நழுவிவிடும் என்ற பயத்தில் அதே வீட்டை அதே பொருட்களோடு குறைத்துக் கட்டித் தருகிறேன் என்று தலையாட்டிவிடக் கூடாது. விலையைக் குறைக்க வேண்டுமானால் எதைக் குறைப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்: டைல்ஸின் தரம், கதவின் மரம், எலிவேஷன் வேலை, மாடியறை. அஸ்திவாரம், தூண், பீம், கம்பி ஆகியவை பேரத்துக்கு வராத இனங்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் வணக்கம் சொல்லி எழுந்து வருவதே நல்லது. அரைகுறை விலைக்குப் பிடித்த ஒரு வேலை, அடுத்து நீங்கள் செய்யும் இரண்டு வேலைகளின் பணத்தையும் விழுங்கிவிடும்.

ஒப்பந்தமும் பணமும்

வாய்ப் பேச்சில் எதையும் தொடங்காதீர்கள். சொந்தக்காரர் வீடாக இருந்தால் இன்னும் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். பொருட்களின் பிராண்டும் தரமும், கட்டணத் தவணைகள், முடிக்கும் காலம், தாமதமானால் என்ன செய்வது, ஒப்படைத்த பிறகு எவ்வளவு காலம் பழுதுக்குப் பொறுப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிமெண்ட், கம்பி விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று எழுதும் கான்ட்ராக்டர்கள், இறங்கினால் குறைத்துக்கொள்வதாக எழுதுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை மாற்றத்தை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும் என்று எழுதியிருப்பவர், இப்படிப்பட்ட குறைப்பையும் அவருக்கே கொடுத்தாக வேண்டும். இருபக்கமும் செல்லும்படி அந்த வரியை எழுதுங்கள், அல்லது எழுதவே எழுதாதீர்கள்.

தவணைகளைப் பிரிக்கும்போது, நடந்து முடிந்த வேலையின் மதிப்பைவிட வெகு அதிகமாக முன்கூட்டி வாங்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அதன் அடுத்த கட்டம் இன்னும் ஆபத்தானது: ஒரு சைட்டில் வாங்கிய பணத்தை வேறு சைட்டின் கம்பிக் கடனுக்குக் கட்டுவது. வீட்டுக்காரர்கள் அலைக்கழிக்கப்படும் வழக்குகளில் பல, ஏமாற்றும் எண்ணத்தோடு தொடங்கியவை அல்ல. இந்தச் சுழற்சியில் ஒரு தவணை வராமல் நின்றதும் எல்லா சைட்டுகளும் ஒருசேர நின்றுபோனவை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய தனிக் கணக்கில் போடச் சொல்வது இதனால்தான். தனி வீட்டு ஒப்பந்தத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தது தனிப் பேரேடோ வைத்துக்கொள்வது உங்களுக்கே காவல்.

நீங்களே நிலம் வாங்கி வீடுகளைக் கட்டி விற்கும் நிலைக்கு வளர்ந்தால், நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதும் கூடாது. தனி வீட்டு வேலைதானே, எந்தச் சட்டமும் நம்மைத் தொடாது என்று எண்ணிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதைச் சேவை என்றே வரையறுக்கிறது. குறைபாட்டுக்கு வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அனுமதி வாங்கும் கட்டம்

சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), பிற பகுதிகளில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), அவற்றின்கீழ் உள்ளாட்சி அமைப்புகள் என அனுமதி தரும் அலுவலகங்கள் எவையாயினும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே அடிப்படை. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்றிதழ் முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியே அனுமதி பெறலாம். புதிதாக வருபவர்கள் சிறு வீடுகளுக்கு இந்த வழியையே பயன்படுத்துங்கள். இடைத்தரகருக்கு அதில் வேலை குறைவு.

“அப்ரூவல் எல்லாம் நான் பாத்துக்கிறேன், மொத்தமா இவ்வளவு கொடுத்துடுங்க” என்று சொல்வது நம் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. அந்த மொத்தத் தொகைக்குள் அரசுக் கட்டணம் எவ்வளவு, வரைபடக் கூலி எவ்வளவு, மேசைக்கு அடியில் போவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அரசுக் கட்டணத்தை வீட்டுக்காரர் பெயரிலேயே கட்டி ரசீதைக் கொடுங்கள். உங்கள் உழைப்புக்கான கூலியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட்டுத்தான் பலர் அதை மொத்தத்துக்குள் ஒளிக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர், ஏழு நாட்களுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் மட்டுமே அவருக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கான இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம்.

அனுமதிக்கு மாறாகக் கட்டச் சொல்லி வற்புறுத்துவது பல நேரங்களில் வீட்டுக்காரரே. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் மூன்றடியைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள், மேலே ஓர் அறை ஏற்றிவிடுங்கள் என்பார். வரைபடத்தில் கையெழுத்து உங்களுடையது, இரண்டு தளத்துக்குக் கணக்கிட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது ஏறினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். மறுப்பை எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்குதல்

ஏமாற்று நுட்பங்கள் அதிகம் குவிந்திருக்கும் இடம் இதுவே. நீங்கள் ஏமாற்றாவிட்டாலும் உங்களை ஏமாற்றுவார்கள். அந்த நட்டம் வீட்டுக்காரரின் தலையில்தான் போய் விழும். ஆகவே சோதிக்கத் தெரிந்திருப்பதும் நேர்மையின் ஒரு பகுதி.

கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் வாங்காமல் எடைக் கணக்கில் வாங்குங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி ஒன்று 4.7 கிலோ. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரவிதி, 10 மி.மீ. வரை 7 விழுக்காடும் அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 விழுக்காடும் ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. அதற்கும் கீழான கம்பியை எண்ணிக்கையில் மலிவாக வாங்கி, வீட்டுக்காரரிடம் முழு எடைக்குப் பில் போடுவது பழைய தந்திரம். லோடு இறங்கும்போது நான்கைந்து கம்பிகளை உருவித் தராசில் வைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

சிமெண்ட் மூட்டையில் தயாரிப்புக் காலம் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதத்தைக் கடந்த மூட்டைகளைச் சோதிக்காமல் காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். எம்.சாண்ட் வரும்போது, கொட்டுவதற்கு முன் லாரியின் தொட்டியை டேப் வைத்து அளந்து, உயரத்தை நான்கைந்து இடங்களில் குத்திப் பார்த்து யூனிட்டைக் கணக்கிடுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஈர மணல் உப்பி நிற்பதால் அளவு கூடுதலாகத் தெரியும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் குறையும் என்று கடைக்காரர் சொல்வது வரி ஏய்ப்பு என்பது ஒருபுறம் இருக்க, சரக்கில் குறை வந்தால் கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு துண்டுத் தாளும் இருக்காது.

கமிஷன் விஷயத்தில் பலருக்குக் குழப்பம் உண்டு. டைல்ஸ் கடை, கிரானைட் கடை, பாத்ரூம் சாமான் கடை என எங்கே வீட்டுக்காரரை அழைத்துச் சென்றாலும், அவர் போன பிறகு உங்களுக்கு ஒரு பங்கு வந்து சேரும். பெயிண்ட் வாளிக்குள் பெயிண்டருக்கு டோக்கன் இருக்கும். சிமெண்ட் டீலர் ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது தங்கக்காசு தருவார். மொத்த விலை ஒப்பந்தத்தில் நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கடை தரும் தள்ளுபடி உங்களுடைய வியாபார லாபம், அதில் தவறில்லை. வீட்டுக்காரர் தம் பணத்தில் தாமே வாங்கும் பொருளுக்கு, உங்கள் ஆலோசனையை நம்பி வரும்போது, அவருக்குத் தெரியாமல் நீங்கள் வாங்கும் கமிஷன் அவர் பில்லிலிருந்தே எடுக்கப்படுவது. அதை விலையில் கழித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். சொல்ல நா எழவில்லையென்றால் அது வாங்கக் கூடாத பணம்.

மூடுவதற்கு முன் காட்டுதல்

கட்டுமானத்தில் ஒவ்வொரு வேலையையும் அடுத்த வேலை மறைத்துவிடுகிறது. அஸ்திவாரத்தை மண்ணும், கம்பியைக் காங்கிரீட்டும், குழாயைப் பூச்சும், நீர்க்கசிவுத் தடுப்பை டைல்ஸும் மூடிவிடும். வீட்டுக்காரர் கடைசியில் பார்ப்பது பெயிண்டை மட்டும். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்ததும் சுவர்ப்பூச்சு உதிர்ந்த காட்சிகள் வெளியாகி, அரசு ஐ.ஐ.டி. மெட்ராஸ் வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு செய்தது நினைவிருக்கலாம். பூச்சில் நடந்ததாவது கைக்கு எட்டியது. தூணுக்குள் நடப்பது எட்டாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி ரூஃப் ஐந்து அங்குலத் தடிமனில் ஏறத்தாழ 11.8 கன மீட்டர் காங்கிரீட் பிடிக்கும். அதையே நாலரை அங்குலமாகப் போட்டால் 1.2 கன மீட்டர் மிச்சம். எம்20 (வீட்டு ரூஃபுக்கு வழக்கமான காங்கிரீட் தரம்) கலவைக்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை என்று வைத்தால் ஒன்பது மூட்டைக்கு மேல் சிமெண்டும், அதற்குரிய ஜல்லியும் மணலும் கான்ட்ராக்டர் பையில் தங்கும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் அந்த அரை அங்குலம் தெரியாது. ஆகவே ரூஃப் போடுவதற்கு முதல் நாள் வீட்டுக்காரரை வரவழைத்து, சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) பலகையின் ஓரத்தில் தடிமனை அளந்து காட்டுங்கள். கம்பி இடைவெளிகளையும், கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் வைத்திருப்பதையும் டேப் தெரியும்படி படம் எடுத்து, சைட் நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அஸ்திவாரக் குழியை நிரப்புவதற்கு முன்பும், சுவருக்குள் குழாய் பதித்து அழுத்தச் சோதனை செய்த பின்பும், மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும்போதும் இதையே செய்யுங்கள். படித்த வீட்டுக்காரர் ஆயிரம் கேள்வி கேட்பாரே என்று தயங்க வேண்டாம்; அப்போது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது.

காங்கிரீட் போடும் நாளில் நீங்கள் சைட்டை விட்டு நகரக் கூடாது. கலவை இறுகலாக இருக்கிறது என்று ஆட்கள் ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவார்கள். அது ஏமாற்று வேலையாக அவர்களுக்குத் தோன்றாது, வேலை இலகுவாகிறது, அவ்வளவுதான். ஆனால் ஐ.எஸ். 456 விதி எம்20 கலவைக்கு நீர்–சிமெண்ட் விகிதத்தை 0.55 என்ற உச்சத்தோடு நிறுத்துகிறது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து 27 லிட்டர் சொச்சம். 150 மி.மீ. கனசதுர மாதிரிகளை அன்றே எடுத்து, 28ஆம் நாள் ஆய்வகத்தில் சோதித்து, முடிவு எப்படி இருந்தாலும் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளும், பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்) வகைக்குப் பத்து நாளும் குறையாமல் நீராற்ற வேண்டும், அதாவது காங்கிரீட்டைக் காயாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். நீராற்ற ஆள் போடாமல் மழையை நம்பும் கான்ட்ராக்டர், கம்பியில் மிச்சம் பிடிப்பவரைவிட எந்த வகையிலும் மேலானவர் அல்லர்.

வேலையாட்கள்

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பலர் வெளிமாநிலங்களிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அருகில் இருந்த அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தரக்குறைவை வீட்டுக்காரருக்கு இழைக்கும் அநீதியாக மட்டும் பார்ப்பவர்கள், கட்டடம் சரியும்போது அதற்குள் முதலில் நிற்பது யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சனிக்கிழமைச் சம்பளம் தவறக் கூடாது. வீட்டுக்காரர் தவணை தராமல் இழுத்தாலும், இரண்டு வாரக் கூலிக்கான தொகையை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், ஆட்களின் கைக்கு எவ்வளவு போகிறது என்று விசாரியுங்கள். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கூலி கொடுப்பது சட்டப்படி தவறு. சித்தாள் வேலையைப் பெண்களுக்கென்றே ஒதுக்கி, அதற்குக் குறைந்த கூலியை வழக்கமாக்கி, அந்தச் சட்டத்தை நாம் நாசூக்காகத் தாண்டி வருகிறோம்.

கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலநிதியாக அனுமதி பெறும்போதே வசூலிக்கப்படுகிறது. ஆனால் உங்கள் ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால்தான் விபத்து இழப்பீடும், பிள்ளைகளின் கல்வி உதவியும், ஓய்வூதியமும் அவர்களுக்குக் கிடைக்கும். 18 முதல் 60 வயது வரை உள்ள உங்கள் ஆட்களில் பதிவு இல்லாதவர்களைக் கணக்கெடுத்து, ஒரு நாள் ஒதுக்கிப் பதிவு செய்ய உதவுங்கள். வேலைக்கு ஆள் காப்பீடு எடுப்பதை விலைப்புள்ளியிலேயே ஓர் இனமாகச் சேருங்கள்.

பாதுகாப்பில் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். பலர் கவனிக்காமல் விடும் ஓர் அபாயம் புதிதாகக் கட்டிய சம்ப்பும் செப்டிக் டேங்கும். மேல்மூடி போட்டுச் சில வாரம் அடைத்துக் கிடந்த தொட்டிக்குள் ஈரப் பலகைகள் மட்கிப் பிராணவாயு குறைந்திருக்கும். சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து இருவருமே இறந்துபோகும் செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. மூடிகளைத் திறந்து போட்டு, ப்ளோயர் வைத்துக் காற்றைச் செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டியே ஆளை இறக்குங்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். மயங்கியவரைக் காப்பாற்ற யாரும் உள்ளே குதிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழிகளில் பக்கச் சரிவோ தாங்கு பலகையோ இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. பெண்கள் வேலை செய்யும் சைட்டில் முதல் நாளே கழிப்பறை இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே நமக்கு அழகல்ல.

அக்கம்பக்கமும் அரசு டெண்டரும்

பக்கத்து வீட்டையொட்டிக் குழி தோண்டும் முன், அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாட்டுக் கழிவை இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டும் லாரிக்காரரை அமர்த்தினால், கொட்டுவது நீங்கள்தான். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் உள்ளன.

அரசு வேலைகளுக்குப் போகும்போது, யார் எந்த வேலையை எடுப்பது என்று டெண்டருக்கு முன்பே கூடிப் பேசி, ஒப்புக்கு ஏற்றிய விலையைப் போடச் சொல்வார்கள். இந்தக் கூட்டு ஏற்பாட்டை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடைசெய்கிறது, அழைத்தால் போகாதீர்கள்.

கூடுதல் வேலை, ஒப்படைப்பு

கட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றுவார், சுவரை நகர்த்துவார். அந்த நேரத்தில் சரி சரி என்று செய்துவிட்டு, கடைசியில் நான்கு லட்சத்துக்கு ஒரு பட்டியலை நீட்டுவது உறவை முறிக்கும் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையையும் கூடும் நாட்களையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, ஒப்புதல் வந்த பிறகே கை வையுங்கள். தாமதம் உங்களால் என்றால் வீட்டுக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியை அவர் நீங்கள் சொன்ன நாளை நம்பித்தான் குறித்திருப்பார்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு கோப்பும் கொடுங்கள்: அனுமதி வரைபடம், கட்டமைப்பு வரைபடம், சோதனை முடிவுகள், குழாயும் மின்கம்பியும் சுவரில் எங்கே ஓடுகின்றன என்று குறித்த படங்கள், மோட்டார் முதலியவற்றின் உத்தரவாதச் சீட்டுகள். ஆணி அடிக்கும்போது குழாயில் துளை விழாமல் இருக்க இது போதும். ரியல் எஸ்டேட் சட்டம் அடுக்குமாடி விற்பவர்களைக் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டு பொறுப்பாக்கி, சொன்ன 30 நாட்களுக்குள் செலவில்லாமல் சரிசெய்யச் சொல்கிறது; தனி வீட்டு ஒப்பந்தத்திலும் அதே காலத்தை நீங்களாகவே எழுதிக் கொடுக்கலாம். முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே ஒரு கொத்தனாரோடு போய் மொட்டை மாடி, சன்ஷேடு மேற்பகுதி, பாத்ரூமின் வெளிச்சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். கசிவு இருந்தால் உங்கள் செலவில் அடையுங்கள். வீட்டுக்காரர் பிறகு துளையிட்டுப் போட்ட ஏ.சி. குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் அதையும் அவரிடம் காட்டி, கூலி எவ்வளவு என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.